அலுவலக நடைமுறைச் சீர்திருத்தம்: குறுகிய காலப் பயிலரங்குகளின் பங்கு

நாடு விடுதலை பெற்ற பின்னர் நிர்வாகச் சீர்திருத்தம் குறித்து ஆராய்ந்த குழுக்களுக்குக் குறைவில்லை. அமெரிக்க நிர்வாக அறிஞர் பால் ஆப்பிள்பி 1953-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954-இல் மத்திய அரசில் அமைப்பு மற்றும் முறைகள் பிரிவு தொடங்கப்பட்டது. 1966-இல் முதலாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும், 2005-இல் இரண்டாவது ஆணையமும் அமைக்கப்பட்டன. இவற்றின் பரிந்துரைகளில் பல நடைமுறைக்கு வந்துள்ளன. எனினும், ஓர் எழுத்தரின் மேசையிலிருந்து அடுத்த எழுத்தரின் மேசைக்கு ஒரு தாள் சென்று சேர ஒன்பது நாட்கள் ஏன் ஆகின்றன என்னும் வினாவிற்கு எந்த ஆணையமும் விடை கூற இயலாது. அவ்வினாவிற்கான விடை அவ்விரு மேசைகளில்தான் இருக்கின்றது. அதனை வெளிக்கொணரும் எளிய வழிகளுள் ஒன்று, பணியைச் செய்வோரையே இரண்டு மூன்று நாட்கள் ஒன்றாக அமர்த்தி, ஒரே ஒரு நடைமுறையை மட்டும் ஆராயச் செய்யும் குறுகிய காலப் பயிலரங்கு ஆகும்.

பயிலரங்கு என்றவுடன் பலருக்கும் நினைவிற்கு வருவது மாலை மரியாதையும், தலைமையுரையும், தேநீர் இடைவேளையும், நன்றியுரையும்தான். யானும் அத்தகைய அரங்குகள் பலவற்றில் அமர்ந்திருக்கின்றேன். சிலவற்றில் உரையாற்றியும் இருக்கின்றேன். அவற்றால் விளைந்த தீங்கு ஏதுமில்லை. அலுவலகத்தின் நடைமுறைகள் எவையும் மாறவும் இல்லை. ஈண்டு நாம் கூறும் பயிலரங்கு வேறு வகையானது. அதில் சொற்பொழிவாளர் இல்லை. ஒரு பணி எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்று முன்னரே வரையறுக்கப்படுகின்றது. அப்பணியில் கைவைக்கும் ஒவ்வொருவரும், பதவி வேறுபாடின்றி, அறையில் இருக்கின்றனர். இறுதி நாளன்று முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர் வந்து, ஒவ்வொரு முன்மொழிவுக்கும் அங்கேயே விடை கூறுகின்றார்.

இம்முறையின் வேர்கள்

இதன் வேர்கள் தொழிற்சாலையில் உள்ளன. ஒரு பணியின் படிகளை வரைபடமாக எழுதிக் காட்டும் முறையை ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தில் விளக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது, தேர்ந்த தொழிலாளர் பலர் போர்முனைக்குச் சென்றுவிட, புதியவர்களைக் கொண்டு உற்பத்தியைப் பெருக்க வேண்டிய நெருக்கடி அமெரிக்க ஆலைகளுக்கு ஏற்பட்டது. அப்போது 'தொழிலகத்துள் பயிற்சி' என்னும் திட்டம் உருவாயிற்று. அதன் ஒரு பிரிவு வேலைமுறைகளைச் சீராக்குவது பற்றியது. இரண்டு மணி நேர அமர்வுகள் ஐந்து. ஆக மொத்தம் பத்து மணி நேரமே. வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்தல், ஒவ்வொரு கூறையும் கேள்வி கேட்டல், புதிய முறையை வகுத்தல், அதனைச் செயற்படுத்தல் என்னும் நான்கு படிகளை மேற்பார்வையாளர்கள் தத்தம் வேலையையே எடுத்துக்கொண்டு பழகினர். போருக்குப் பின் இத்திட்டம் ஜப்பானுக்குச் சென்று அங்கு ஆழ வேரூன்றியது. ஜப்பானிய ஆலைகளில் பின்னர் வளர்ந்த 'கைசன்' எனப்படும் தொடர் மேம்பாட்டு முறைக்கு உரமிட்டவற்றுள் இதுவும் ஒன்று.

நம் நாட்டில் 1958-இல் தேசிய உற்பத்தித்திறன் குழு அமைந்தது. தரவட்டங்கள் 1980-ஆம் ஆண்டில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஐதராபாத் ஆலையில் தொடங்கின. 1982-இல் இந்தியத் தரவட்டக் கூட்டமைப்பு உருவாயிற்று. தரவட்டத்திற்கும் குறுகிய காலப் பயிலரங்கிற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் குறிப்பிடுதல் தகும். தரவட்டம் என்பது ஒரே பிரிவைச் சார்ந்தவர்கள் வாரந்தோறும் ஒரு மணி நேரம் அளவில் கூடி, நீண்ட காலம் தொடர்ந்து செயற்படும் அமைப்பு. பயிலரங்கோ பல பிரிவுகளைச் சார்ந்தவர்கள் ஒரு முறை கூடி, ஒரு சிக்கலை அவிழ்த்துவிட்டுக் கலையும் அமைப்பு. அரசு அலுவலகங்களில் தாமதம் பெரும்பாலும் ஒரு பிரிவிற்குள் நேர்வதில்லை. இரு பிரிவுகளின் எல்லையிலேயே நேர்கின்றது. ஆதலின் நமக்குப் பின்னதே மிகுதியும் பொருந்தும் என்பது என் கருத்து.

அலுவலகங்களில் இது இயலாது என்போர் உண்டு. 1980-களின் முற்பகுதியில் மகாராஷ்டிர மாநிலம் அகமதுநகர் (இன்றைய அகில்யாநகர்) மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், ஆட்சியராக இருந்த அனில் குமார் லக்கினா ஆவணங்களையும் இருக்கைகளையும் பணிமுறைகளையும் ஒழுங்குபடுத்தினார். அது நாடறிந்த முன்மாதிரியாயிற்று. புதிய சட்டமோ பெருந்தொகையோ இன்றி, வழக்கத்தில் உள்ளவற்றை மறு ஆய்வு செய்தே ஓர் அலுவலகம் பெருமளவு மாற முடியும் என்பதற்கு அது சான்று.

ஒரு கோப்பின் 214 நாட்கள்

பொதுவாகப் பேசுவதைவிட, நான் நேரில் கண்ட ஒன்றை விரித்துரைப்பது வாசகர்க்குப் பயன்படும். 2009-ஆம் ஆண்டில் வட மாநிலம் ஒன்றில் இருந்த மத்திய அரசின் கிளை அலுவலகமொன்றில் நிர்வாகப் பொறுப்பை ஏற்றேன். சில வாரங்களில் ஓர் அம்மையார் என் அறைக்கு வந்தார். பணியிலிருக்கும்போதே மறைந்த கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவி அவர். குடும்ப ஓய்வூதிய ஆணை அப்போதுதான் கைக்குக் கிடைத்திருந்தது. அவர் குறை கூற வரவில்லை. நிலுவைத் தொகை எந்த நாளில் வங்கிக்கு வரும் என்று கேட்க வந்திருந்தார். கணவர் இறந்த பின்னர் வீட்டுச் செலவிற்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்குமாக 20,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். வட்டி நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். நாளைக் கேட்டதற்குக் காரணம் அதுவே.

விண்ணப்பம் பெறப்பட்ட நாளிலிருந்து ஆணை வெளியான நாள் வரை 214 நாட்கள். மாதம் 600 ரூபாய் வீதம் ஏழு மாதத்தில் 4,200 ரூபாய் வட்டியாகச் சென்றிருந்தது. பொருளியல் பயின்றவன் என்ற முறையில் எனக்குப் பட்டது இது: சந்தையில் தாமதம் செய்பவர் அதற்கான விலையைத் தாமே தருகின்றார், அலுவலகத்தில் தாமதத்தின் விலையை மற்றொருவர் தருகின்றார். அத்தொகை நம் கணக்கேடு எதிலும் செலவாகப் பதியப்படுவதில்லை. பதியப்படாத செலவைக் குறைக்க எவருக்கும் தூண்டுதல் இராது. ஓய்வூதியம் கருணைக் கொடையன்று, உரிமையே என்று உச்ச நீதிமன்றம் நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17-ஆம் நாள் தீர்ப்பளித்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

அந்தக் கோப்பையே எடுத்துக்கொண்டு மூன்று நாள் பயிலரங்கு ஒன்றை ஏற்பாடு செய்தோம். ஒன்பது பேர் கலந்துகொண்டனர்: தபால் பிரிவு எழுத்தர், பணியமைப்புப் பிரிவின் உதவியாளர் இருவர், பிரிவு அலுவலர், காசுப் பிரிவுக் கணக்கர், பணிப் பதிவேடுகளைப் பேணும் எழுத்தர், அனுப்புகைப் பிரிவு எழுத்தர், அழைப்பின்பேரில் வந்த சம்பளக் கணக்கு அலுவலகத்தின் உதவியாளர், கோப்புகளை எடுத்து வைக்கும் தஃப்தரி ஆகியோர். தஃப்தரியை அழைத்ததற்குச் சிறிது எதிர்ப்பு இருந்தது. அலுவலகத் தலைவர் முதல் நாள் காலை அரை மணி நேரமும் கடைசி நாள் பிற்பகலும் மட்டுமே வருவது என்று முடிவாயிற்று. மேலதிகாரி அறையில் அமர்ந்திருக்க, கீழ்நிலை ஊழியர் உண்மை பேசுவார் என்று எதிர்பார்ப்பது நடவாத காரியம்.

முதல் நாள் முழுவதும் ஒரே வேலை. சுவரில் பழுப்புத் தாளை ஒட்டி, கோப்பின் குறிப்புப் பக்கங்களில் உள்ள ஒவ்வொரு கையொப்பத்தின் தேதியையும் வரிசையாக எழுதினோம். ஒவ்வொருவரும் தம் மேசையில் அக்கோப்பின்மீது உண்மையில் எவ்வளவு நேரம் உழைத்தார் என்று தாமே கூறினர். கூட்டிப் பார்த்தபோது எட்டு மணி நேரத்திற்கும் குறைவாகவே வந்தது. 214 நாட்களில் உழைப்பு ஒரு வேலை நாள்; எஞ்சியவை காத்திருப்பு. அக்காத்திருப்பில் 96 நாட்கள் அம்மையாரிடமிருந்து ஆவணங்கள் வர வேண்டும் என்பதற்காகக் கழிந்தவை. 61 நாட்கள் மண்டல அலுவலகத்தின் இசைவு கேட்டுச் சென்று திரும்பியதில் கழிந்தவை. மற்ற 57 நாட்கள் தட்டுகளிலும் அலமாரிகளிலும் கழிந்தவை. சுவரைப் பார்த்து எவரும் சிறிது நேரம் பேசவில்லை. அதுவரை ஒவ்வொருவரும் தம் மேசையில் தாமதம் இல்லை என்றே நம்பியிருந்தனர்; அவரவர் அளவில் அது உண்மையும்கூட.

தஃப்தரி வாய் திறந்தது அன்று மாலையில்தான். "சாகிப், பதில் கடிதம் வந்தால் அதில் கோப்பு எண் இராது. தபால் பிரிவில் 'பொது' என்று குறித்து வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். கோப்பு மூன்றாவது அலமாரியில் இருக்கும். கடிதம் வேறெங்கோ இருக்கும். இரண்டையும் நான்தான் தேடிச் சேர்ப்பேன்" என்றார். எழுதப் படிக்க ஓரளவே அறிந்த அவர் கூறியதில் 57 நாட்களின் பெரும்பகுதிக்கு விளக்கம் இருந்தது.

எந்த விதி?

இரண்டாம் நாளில் ஒவ்வொரு படியின்மீதும் ஒரே வினாவை எழுப்பினோம்: இதனைச் செய்யுமாறு கூறுவது எந்த விதி? விதி எண்ணைக் கூற இயன்றால் பச்சை அடையாளம். 'எப்போதும் இப்படித்தான்' என்பது விடையானால் சிவப்பு அடையாளம். நண்பகலுக்குள் தாள் பெரிதும் சிவந்துவிட்டது.

96 நாட்களை முதலில் எடுத்துக்கொள்வோம். அம்மையாருக்கு மூன்று கடிதங்கள் சென்றிருந்தன. பணியமைப்புப் பிரிவு கேட்ட சான்றுகள் வந்த பிறகு, காசுப் பிரிவு மேலும் இரண்டு கேட்டது. அவை வந்த பிறகு, பெயரின் எழுத்து வேறுபாட்டிற்காகக் கணக்கு அலுவலகம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் கேட்டது. குடும்ப உறுப்பினர் விவரங்களை ஊழியர் பணியில் சேரும்போதே படிவத்தில் அளித்து, அது பணிப் பதிவேட்டில் ஒட்டப்பட வேண்டும் என்பது அன்று நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளிலேயே உண்டு. பதிவேட்டைத் திறந்து பார்த்தோம், படிவம் இருந்தது. அதில் அம்மையாரின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மூன்று கடிதங்களை எழுதிய எவரும் அப்பக்கத்தைப் புரட்டவில்லை.

மண்டல அலுவலகத்தின் இசைவு இன்னும் வியப்பானது. உரிய ஆவணங்களைக் கணக்கு அலுவலருக்கு அனுப்பியபின், தற்காலிகக் குடும்ப ஓய்வூதியத்தை அலுவலகத் தலைவரே வழங்க விதிகள் இடமளித்தன. எனினும் அந்த அலுவலகத்தில் எல்லா நேர்வுகளும் மேலே சென்று வந்தன. காரணத்தைத் தேடியபோது, பழைய கட்டு ஒன்றில் முன்னாள் தலைவர் ஒருவரின் குறிப்பு கிடைத்தது. நியமனதாரர் குறித்த தகராறு ஒன்றில் தவறானவருக்குப் பணம் சென்றுவிட, ஓராண்டுக் காலத்திற்கு மட்டும் எல்லா நேர்வுகளையும் மண்டல அலுவலகத்திற்கு அனுப்புமாறு அவர் ஆணையிட்டிருந்தார். ஆண்டு முடிந்தது; ஆணையை நீக்க எவரும் நினைவு கூரவில்லை. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கம் மூடத்தனத்தால் பிறந்ததன்று, உண்மையான அச்சத்தால் பிறந்தது. அச்சத்திற்கு மாற்று வழி காணாமல் வழக்கத்தை மட்டும் வெட்டினால், அடுத்த தகராறு வரும்போது அது மீண்டும் முளைக்கும். ஆகவே, நியமனப் படிவத்தையும் குடும்ப விவரப் படிவத்தையும் ஒப்பிட்டு இருவர் கையொப்பமிடும் ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாளை, பயிலரங்கிலேயே கணக்கு அலுவலகத்து உதவியாளரின் துணையோடு வரைந்தோம்.

மூன்றாம் நாள் பிற்பகல் தலைவர் முன் ஆறு முன்மொழிவுகள் வைக்கப்பட்டன. தேவையான ஆவணங்கள் அனைத்தையும் ஒரே கடிதத்தில் கேட்பது. கோப்பு எண் அச்சிட்ட சிறு சீட்டு ஒன்றைக் கடிதத்தோடு இணைத்து, பதிலோடு திருப்பி அனுப்பச் செய்வது. மரணம் நேர்ந்த ஒரு வாரத்திற்குள் அலுவலர் ஒருவர் படிவங்களுடன் வீட்டிற்கே செல்வது. கோப்பு நகர்வுப் பதிவேட்டை நீக்குவது ஆகிய நான்கையும் அவர் உடனே ஏற்றார். மண்டல அலுவலக இசைவை நிறுத்துவதற்குப் பத்து நாள் தவணை கேட்டு, ஒன்பதாம் நாள் ஒப்புதல் தந்தார். தாம் ஊரில் இல்லாதபோது பிரிவு அலுவலர் ஆணையில் கையொப்பமிடலாம் என்ற ஆறாவதை மறுத்தார். விதி அந்த அதிகாரத்தை அலுவலகத் தலைவருக்கே அளிக்கின்றது என்றார். அவர் மறுத்தது சரியே. பயிலரங்கினால் வழக்கத்தை மாற்ற இயலும். விதியை மாற்ற இயலாது. ஆனால் சுவரில் சிவந்திருந்த படிகளில் பெரும்பாலானவை வழக்கங்களே.

உடனடி விடையின் இன்றியமையாமை

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1980-களின் இறுதியில் 'வொர்க்-அவுட்' என்ற பெயரில் இத்தகைய கூட்டங்களைப் பெருமளவில் நடத்தியது. அங்கும் மேலாளர் அனைவர் முன்னிலையிலும் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் விடையளிக்க வேண்டியிருந்தது. 'பரிசீலிக்கப்படும்' என்ற சொல் நம் அலுவலகங்களில் பணிவான மறுப்பு என்பதை எல்லாரும் அறிவர். ஏற்கின்றேன், ஏற்கவில்லை, இன்ன தேதியில் கூறுகின்றேன் என்னும் மூன்றைத் தவிர நான்காவது விடைக்கு இடமளிக்கக் கூடாது. இதற்கு உடன்படாத தலைவரைக் கொண்டு பயிலரங்கு நடத்துவதைவிட, நடத்தாதிருப்பதே மேல். ஒருமுறை உண்மையைப் பேசிப் பயனொன்றும் காணாத ஊழியர் மறுமுறை பேச மாட்டார்.

எடுத்துக்கொள்ளும் பொருள் சிறியதாக இருத்தல் வேண்டும். 'அலுவலகத் திறனை மேம்படுத்தல்' என்பது பயிலரங்கிற்குரிய பொருளன்று. மருத்துவச் செலவு ஈட்டுப் பட்டியல் ஒன்று வந்து சேர்வதிலிருந்து பணம் வரவாகும் வரை, அல்லது குடியிருப்புப் பழுது குறித்த புகார் பதிவாவதிலிருந்து பழுது நீங்கும் வரை என்று இரு முனைகளையும் சுட்ட இயல வேண்டும். பங்கேற்போர் ஆறு முதல் பத்துப் பேர் வரை போதும்.

கணினி பற்றியும் ஒரு சொல். ஓய்வூதிய நேர்வுகளுக்கான 'பவிஷ்யா' என்னும் கணினி முறை 2017 முதல் மத்திய அரசு அலுவலகங்களில் கட்டாயமாக்கப்பட்டது. மின் அலுவலக முறை பரவியுள்ளது. 1972-ஆம் ஆண்டு விதிகளின் இடத்தில் 2021-ஆம் ஆண்டு விதிகள் வந்துள்ளன. கோப்பு கடக்கும் படிநிலைகளைக் குறைக்கும் முயற்சியும் அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. இவை பெரும் முன்னேற்றங்கள் என்பதில் ஐயமில்லை. தஃப்தரி தேடிச் சேர்த்த கடிதமும் கோப்பும் இன்று ஒரே திரையில் தோன்றும். ஆனால் தேவையற்ற ஐந்து மேசைகளின் வழியே சென்ற கோப்பு, அதே ஐந்து மேசைகளின் வழியே மின்வடிவில் செல்லுமாறு மென்பொருளை அமைத்த அலுவலகங்களையும் கண்டிருக்கின்றேன். தாளில் இருந்தபோதாவது அடுக்கி வைத்த கோப்புகள் கண்ணில் படும். திரையில் அவை தென்படுவதில்லை. பாதையைச் சீர்செய்து, பின்னரே கணினியில் ஏற்றுதல் முறை.

பின்னர் நேர்ந்தவை

எங்கள் அலுவலகத்தில் அடுத்து நேர்ந்த குடும்ப ஓய்வூதிய நேர்வில் தற்காலிக ஆணை 26 நாட்களில் வெளியாயிற்று. அதற்கடுத்தது 34 நாட்கள். இரண்டு நிகழ்வுகளைக் கொண்டு புள்ளியியல் முடிவு எதனையும் கூறுதல் முறையன்று, ஆதலின் கூறவில்லை. பிழைகளும் நேர்ந்தன. நகர்வுப் பதிவேட்டை நீக்கிய நான்காம் மாதத்தில், வேறொரு கோப்பு இருக்குமிடம் தெரியாமல் பதினொரு நாட்கள் தேட வேண்டியதாயிற்று. பதிவேட்டை நீக்க வேண்டும் என்று மிக வலியுறுத்தியவன் யான் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது பத்திகளுக்கு மாற்றாக மூன்று பத்திகளுடன் அது மீண்டும் வந்தது.

ஒற்றைக் கடிதம், எண் சீட்டு, இசைவு நிறுத்தம் ஆகிய மூன்றும் பயிலரங்கு முடிந்த பத்து நாட்களுக்குள் எண்ணும் நாளும் இட்ட அலுவலக ஆணைகளாக வெளியாயின. வீட்டிற்கு அலுவலர் செல்லும் ஏற்பாடு மட்டும் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டதோடு நின்றது. நல்லெண்ணத்தால் நடக்கும் காரியத்திற்கு ஆணை எதற்கு என்று எண்ணினோம். தலைவர் மாற்றலாகிச் சென்ற ஆறு மாதங்களில் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று. மற்ற மூன்றும் தொடர்ந்தன. புதிய தலைவர் அதனை வேண்டாம் என்று கூறவில்லை. அப்படியொரு ஏற்பாடு இருந்ததே அவருக்குத் தெரியாது. பின்னர் முந்தைய ஆணையின் கீழ் ஐந்தாவது பத்தியாக அதுவும் சேர்க்கப்பட்டது. வீட்டிற்குச் சென்ற அலுவலர் நாளைக் குறித்துக் கையொப்பமிட, சரிபார்ப்புத் தாளின் அடியில் ஒரு வரி இடப்பட்டது.